மூடிக் கிடந்த மலைக்கு முன்பணம் வாங்கினார்கள்

திருநெல்வேலியில் யாராவது லடாக் மலையேற்றத்துக்கு ஆள் சேர்த்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

2022 ஜூலையில் நாங்கள் மூன்று பேர் தலைக்கு 42,000 ரூபாய் கட்டி ஏமாந்தோம். விமானச் செலவு தனி. ஏற வேண்டிய மலை ஸ்டோக் காங்ரி. லடாக்கின் முக்கிய ஊரான லேயிலிருந்து பார்த்தால் சிந்து நதிக்கு அந்தப் பக்கம் தெரியும், 6,153 மீட்டர். மழை எட்டிப் பார்க்காத குளிர் பாலைவனத்தில் அவ்வளவு உயரம், ஆனாலும் பெரிய கயிற்று வித்தை தெரியாதவர்களும் ஏறிவிடலாம் என்று பெயர் வாங்கிய மலை. வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி ஓடுகிற எங்களுக்கே ஆசை வந்தது அதனால்தான்.

ஏற்பாடு செய்தவர் நம்ம ஊர்க்காரர். பெயர் வேண்டாம். வழியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: ஸ்டோக் கிராமம், சங்மா, மங்கர்மோ, அடிவார முகாம், நடுராத்திரி கிளம்பி விடியும்போது உச்சி. போனில் ஏற்றிக்கொள்ள ஜிபிஎஸ் தடமும் அனுப்பினார். நாங்களும் ராத்திரி உட்கார்ந்து பழைய பயணக் குறிப்புகளைத் தேடி, முகாம் முகாமாகச் சரிபார்த்தோம். அச்சு அசலாகப் பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும், அவரும் அங்கிருந்துதானே எடுத்திருக்கிறார்!

அனுமதிச் சீட்டைக் கேட்டதற்கு, "அண்ணாச்சி, நம்ம ஊர்க்காரன் உங்கள ஏமாத்துவேனா? லேயில போய் வாங்கிக்கிடலாம்" என்றார். அதற்கென்று தலைக்கு 4,000 தனியாக வாங்கினார். ரசீது கிடையாது.

இறங்கிய மறுநாளே நடை என்று திட்டம் போட்டிருந்தார். லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் வருகிறவர்கள், உடம்பு அந்த உயரத்துக்குப் பழக, இரண்டு நாளாவது சும்மா கிடக்க வேண்டும். எங்களில் ஒருவன் அன்று ராத்திரியே தலைவலியும் வாந்தியுமாகச் சுருண்டுவிட்டான். வெந்நீர் கொண்டுவந்த விடுதிக்காரர் மேசையில் கிடந்த தாளைப் பார்த்துவிட்டு, "ஸ்டோக் காங்ரியா? அதை 2020-லேயே மூடிவிட்டார்களே" என்றார், இந்தியில். அந்தப் பனி உருகி வருவதுதான் ஸ்டோக் கிராமத்துக்குக் குடிநீர், வயலுக்கும் அதே தண்ணீர். பனி குறைந்துகொண்டே வர, ஏறுகிறவர்கள் கூட்டமும் குப்பையும் கூடிவிட்டதாம். அதனால் 2020-லிருந்து மூன்று வருடத்துக்கு யாரும் ஏறக் கூடாது என்று வைத்திருந்தார்கள்.

கேட்டதும் வெட்கமாகப் போய்விட்டது. பொதிகைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அகத்தியர் மலைக்குப் பாபநாசம் பக்கமிருந்து ஏற விடமாட்டார்கள், கேரளாவில் போனக்காடு போய் அனுமதியோடுதான் ஏற வேண்டும் என்று இங்கே மலை ஏறுகிற எல்லாருக்கும் தெரியும். லடாக் என்றதும் வழியையும் உயரத்தையும் துருவித் துருவிக் கேட்டோம். மலை திறந்திருக்கிறதா என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

ஏற்பாடு செய்தவரைப் போனில் பிடித்தால், "சரி, பக்கத்துல வேற மலை ஏத்தி விடச் சொல்லுதேன், சான்றிதழ் அதே பேர்லயே தந்துருதேன்" என்கிறார்! ஊர் திரும்பி நாலு தடவை அலைந்ததில் தலைக்கு 10,000 வந்தது. அனுமதிக்கு வாங்கிய 4,000 பற்றிப் பேச்சே இல்லை.

சிகரத்தின் பெயர் போட்ட அனுமதிச் சீட்டைக் கண்ணால் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். இந்த மாதிரிச் சிகரங்களுக்கு அனுமதி தருவது இந்தியன் மவுண்டனியரிங் ஃபவுண்டேஷன். அதுகூட வேண்டாம், லேயில் ஏதாவது ஒரு விடுதிக்குப் போன் போட்டிருந்தாலே எங்கள் பணம் தப்பியிருக்கும்.

அந்த ஆகஸ்டிலும் அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அதே ஸ்டோக் காங்ரி படம். செப்டம்பருக்கு இன்னும் ஆறு இடம்தான் பாக்கியாம்.