மதுரையில் தினமும் ஓட்ட ஒரு கூப்பே: ஆடி டிடி அனுபவம்

"ரெண்டு கதவு காரை மதுரைக்குள்ள தினமும் எப்படிண்ணே ஓட்டுறீங்க, ஸ்பீடு பிரேக்கர்ல அடி இடிக்காதா?" பெட்ரோல் பங்க் ஆனாலும் கல்யாண மண்டபம் ஆனாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. என்னுடையது 2016 மாடல் ஆடி டிடி, கூப்பே எனப்படும் தாழ்வான இரண்டு கதவு வகை, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கே.கே. நகர் வீட்டிலிருந்து தெற்கு மாசி வீதிப் பக்கம் இருக்கும் எங்கள் சுங்குடிக் கடைக்கும், சரக்கு எடுக்கச் சின்னாளபட்டிக்கும் சில வருடங்களாக இதில்தான் போய் வருகிறேன். இந்த மாதிரி வண்டி அன்றாடத்துக்கு ஒத்துவருமா என்பதை முடிவு செய்வது அதன் உயரம் இல்லை, கதவு. இதுதான் என் அனுபவம்.

உயரத்தை முதலில் பேசி முடித்துவிடலாம். இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவில் போட்ட வேகத்தடை 3.7 மீட்டருக்குப் பரவி, நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். அதில் டிடி மெதுவாக ஏறி இறங்கிவிடும். தெருக்காரர்களே சிமென்டில் போட்டுவிடும் குட்டையான, செங்குத்தான மேடுகள்தான் தொல்லை. அங்கே வண்டியைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற வேண்டும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,505 மில்லிமீட்டர்தான், அதனால் நடு வயிறு தட்டுவது அபூர்வம். இந்த விஷயத்தில் 2,600 உள்ள ஹோண்டா சிட்டிக்குத்தான் சிரமம் கூட. உரசினால் முன் பம்பரின் அடிப்பகுதி உரசும், அதுவும் வீட்டு வாசல் சாய்தளங்களில்.

மேட்டைவிடப் பள்ளத்துக்குத்தான் பயப்பட வேண்டும். டயர் 245/40 ஆர்18, அதாவது அகலம் 245 மில்லிமீட்டர், அதில் 40 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். கணக்குப் போட்டால் அது 10 சென்டிமீட்டர்கூட வராது. ஐப்பசி மழையில் சமயநல்லூர்ப் பக்கம் தண்ணீர் நிறைந்த ஒரு குழியில் இறங்கி, டயர் பக்கவாட்டில் புடைத்துவிட்டது. நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் குவாட்ரோ வண்டி என்பதால் சக்கரங்களின் சுற்றளவு அதிகம் வேறுபடக் கூடாது. ஒரு டயர் போனாலும் அந்த அச்சில் இரண்டையும் மாற்றினேன். செலவுதான், ஆனால் அதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

சரி, கதவுக்கு வருவோம். டிடியின் நீளம் 4.18 மீட்டர்தான், செடானைவிடச் சின்ன வண்டி. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என இரண்டு பேருக்கும் ஒரே கதவு என்பதால் கதவு மட்டும் நீளம். சாதாரண காரின் முன்கதவைவிட ஏறக்குறைய ஒரு சாண் கூடவே இருக்கும். கார் நிறுத்தும் கட்டம் வழக்கமாக 2.5 மீட்டர் அகலம், வண்டி 1.83 மீட்டர். நட்டநடுவில் நிறுத்தினால் ஒரு பக்கத்துக்கு முப்பது சென்டிமீட்டர் சொச்சம் மிச்சம். பக்கத்து வண்டியும் ஒழுங்காக நின்றால் இரண்டுக்கும் நடுவே அறுபத்தைந்து. அதே இடைவெளியில் குட்டைக் கதவு ஆள் இறங்கும் அளவுக்கு விரியும், நீளக் கதவோ பாதிகூட விரியாமல் அடுத்த வண்டியில் போய் முட்டும். போதாததற்கு இருக்கை தாழ்வு. காலை வெளியே வைத்து எழுந்திருக்க அந்த விரிவு கட்டாயம் வேண்டும்.

மாசி வீதிகளில் இது தினசரிப் பிரச்சினை. நாம் நிறுத்தும்போது பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். டீ குடித்துவிட்டு வந்தால் கதவை ஒட்டி இரண்டு பைக் நிற்கும். அதனால் எப்போதும் ஓரக் கட்டமாகப் பார்த்து, என் கதவுப் பக்கம் திறந்திருக்கும்படி நிறுத்துகிறேன். கடைக்குப் பக்கத்தில் இடம் தேடுவதையே விட்டுவிட்டேன். பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்து மல்ட்டி லெவல் பார்க்கிங்கில் போட்டுவிட்டு நடக்கிறேன்.

பெரியவர்களுக்கு இந்த வண்டி ஆகவே ஆகாது. அப்பாவுக்கு முட்டி வலி. உட்காரும்போது கதவின் மேல்பகுதியைப் பிடிக்கலாம் என்றால், கண்ணாடிக்குச் சட்டமே கிடையாது. சீட் பெல்ட் தோளுக்கு வெகு பின்னால் தொங்கும், கையை அவ்வளவு தூரம் திருப்ப அவரால் முடியவில்லை. "ஏப்பா, இறங்க ஒரு கை குடு" என்று அவர் கேட்ட அன்றோடு ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் வீட்டில் உள்ள ஸ்விஃப்ட்தான் என்று வைத்துக்கொண்டோம். வீட்டுக்கு ஒரே கார்தான் என்றால் கூப்பே வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பின் இருக்கை குழந்தைகளுக்கு மட்டும்தான். 1.45 மீட்டருக்கு மேல் உயரமானவர் அங்கே உட்காரக் கூடாது என்று வண்டியிலேயே எச்சரிக்கை உண்டு. டிக்கி கண்ணாடியோடு சேர்த்து மேலே திறக்கும். மூடும்போது உள்ளே இருப்பவர் தலையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பையன் தொடக்கப் பள்ளியில் இருந்தவரை ஆசையாக ஏறினான், இப்போது முன் இருக்கையைத் தவிர எங்கும் உட்கார மாட்டான். சித்திரை வெயிலில் அந்தச் சாய்வுக் கண்ணாடி வழியே வெயில் நேராகப் பின் இருக்கையில்தான் விழும், அங்கே தனி ஏசி துவாரமும் இல்லை. முன்னால் இருப்பவர்களுக்குக் கவலையில்லை. உள்ளே இடம் சின்னது என்பதால் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

அதே டிக்கி சரக்குக்கு அருமை. 305 லிட்டர், பின் இருக்கையை மடித்தால் 712. வாய் பெரிதாகத் திறப்பதால் சேலைக் கட்டுகளைப் படுக்க வைத்து அடுக்கலாம்.

ஓட்டுவது பற்றிச் சொல்லாமல் எப்படி? 1,984 சிசி டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன். இழுவை 370 நியூட்டன் மீட்டர், 1,600 ஆர்பிஎம்மிலேயே முழுதாக வந்துவிடுவதால் நகரத்துக்குள் எஞ்சினை அலற விட வேண்டியதே இல்லை. ஆறு கியர் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக், கிளட்ச் ஆயிலில் மூழ்கி வேலை செய்யும் வகை. கோரிப்பாளையம் நெரிசலில் ஊர்ந்தாலும் சூடாகி முரண்டு பிடித்ததில்லை. 2023 ஏப்ரலில் திறந்த நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தில் காலை வேளையில் ஏறினால், 7.3 கிலோமீட்டரும் வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு போகும் அழகே தனி. அதற்கு வேகம்கூட வேண்டியதில்லை, ஸ்டீயரிங் பேசுவதே போதும். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலைப்பாதையில் மழை பிடித்தாலும் இதில் எனக்குக் கிடைக்கும் நிம்மதி வேறு வண்டியில் கிடைத்ததில்லை. மைலேஜ் ஊருக்குள் எட்டு, ஒன்பது. நான்குவழிச் சாலையில் நிதானமாகப் போனால் பதின்மூன்று வரை. 95 ஆக்டேன் பெட்ரோல்தான் போடுகிறேன்.

1998-இல் தொடங்கிய டிடி, 2023-இல் முடிந்துவிட்டது, ஹங்கேரியில் உள்ள ஜியோர் ஆலையில் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். இனி வாங்குபவர்களுக்குப் பழைய வண்டிதான். எஞ்சின் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் வந்த அதே குடும்பம், பிளக், ஃபில்டர் போன்றவை சிரமமில்லாமல் கிடைக்கின்றன. கதவு, கண்ணாடி, விளக்கு என்றால் காத்திருக்கத் தயாராக இருங்கள். வாங்கும்முன் கியர்பாக்ஸ் ஆயில் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியிருக்கிறார்களா, பின் அச்சுக்கு விசை அனுப்பும் ஹால்டெக்ஸ் கிளட்சின் ஆயிலும் மாறியிருக்கிறதா என்று சர்வீஸ் ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நான்கு டயரும் ஒரே பிராண்டா, உள்பக்கச் சுவரில் புடைப்பு உண்டா என்று குனிந்து தடவிப் பாருங்கள். அப்புறம் வண்டியை உங்கள் வீட்டுப் போர்ட்டிகோவுக்குள் ஏற்றி நிறுத்தி, அம்மாவை ஒருமுறை உள்ளே ஏறி இறங்கச் சொல்லுங்கள். அட்வான்ஸை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.