டபுள் டிலைட் ரோஜா: வாங்கலாமா என்று கேட்டால்

வேண்டாம். நாலு மார்கழி பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அழகில் இந்தச் செடியை அடித்துக்கொள்ள வேறு ரோஜா இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கலிபோர்னியாவில் உருவாகி 1977-ல் விற்பனைக்கு வந்த ஹைப்ரிட் டீ (காம்புக்கு ஒரு பெரிய பூ விடும் கலப்பு ரோஜா) ரகம் இது. 1985-ல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு தன் புகழ்ப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமைக்குக் காரணம் பூவின் நிறம். மொட்டு விரியும்போது வெண்ணெய் நிறம்தான். வெயில் பட்ட இதழோரம் முதலில் சிவக்கும், பிறகு நாளுக்கு நாள் சிவப்பு பரவும். ஒரு வெளி இதழை விலக்கிப் பாருங்கள், பக்கத்து இதழ் மறைத்த இடம் மட்டும் வெளுப்பாகவே இருக்கும். இந்தச் சிவப்பைக் கொண்டுவருவது வெயிலின் புற ஊதாக் கதிர். அதனால் மொட்டாகவே வெட்டி, கண்ணாடி ஜன்னலுக்குள் ஜாடியில் வைத்தால் பூ வெளிறித்தான் விரியும். செடியிலேயே பாதி சிவந்த பிறகு வெட்டுங்கள். மணமோ, நாட்டு பன்னீர் ரோஜா வளர்த்தவர்களையே நிறுத்தி முகர வைக்கும்.

இவ்வளவையும் கெடுப்பது சாம்பல் நோய். கார்த்திகை பிறந்தால் போதும். தளிர் இலை சுருண்டு முறுக்கிக்கொள்ளும், அடுத்த சில நாளில் மாவு தூவியதுபோல் வெள்ளை படியும். மொட்டுக் காம்பில் ஏறிவிட்டால் அந்தப் பூ ஒழுங்காக விரியாது. பக்கத்துத் தொட்டியில் வேறு ரகம் சுத்தமாக நிற்கும்போது இது மட்டும் வெளுத்து நிற்பதுதான் எரிச்சல்.

பலர் ஈரம்தான் காரணம் என்று நினைத்து இலையில் தண்ணீரே படாமல் காக்கிறார்கள். இலையில் மணிக்கணக்கில் ஈரம் வேண்டியது கரும்புள்ளி நோய்க்கு. சாம்பல் பூஞ்சையின் வித்து, தண்ணீர் நிற்கும் இலையில் சரியாக முளைக்காது. காய்ந்த பகலும் குளிர்ந்த ஈரக்காற்றுள்ள இரவும்தான் அதற்குத் தோது. எனவே விடிந்ததும் இலையின் இரண்டு பக்கமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம், வெயில் ஏறுவதற்குள் இலை காய்ந்துவிட வேண்டும். மாலையில் கழுவினால் கரும்புள்ளியை அழைத்த மாதிரி.

முதல் வெள்ளை தெரிந்த அன்றே நனையும் கந்தகத் தூளை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. வெயில் 32 டிகிரி தாண்டும் நாளில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் கூடவே கூடாது. யூரியாவைக் கையில் எடுக்காதீர்கள், தளதளவென்று வரும் தளிரைத்தான் நோய் முதலில் பிடிக்கும். மண்புழு உரமும் வேப்பம்புண்ணாக்கும் போதும்.

கவாத்து அக்டோபரில். பென்சில் கனக் கிளைகளை வைத்துக்கொண்டு, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டினால் சுமார் 45 நாளில் பூ. ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து வரும் போத்தை (புதுக் கிளையை) வெட்டினால் மறுபடி துளிர்க்கும், மண்ணை விலக்கி அடியோடு பிய்த்தெடுக்க வேண்டும்.

நாலு பக்கமும் சுவர் அடைத்த மாடியில் இதை வைக்கவே வைக்காதீர்கள். அப்படியும் மனசு கேட்காமல் வாங்கினால், காலை வெயில் ஆறு மணி நேரம் விழுகிற, காற்று குறுக்கே ஓடுகிற இடத்தில், அடுத்த தொட்டியிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள்.