கொத்தமல்லிக் கட்டு: டம்ளரா, ஈரத்துணியா, டப்பாவா?

வாங்கிய காய்கறியில் முதலில் குப்பைக்குப் போவது பெரும்பாலும் கொத்தமல்லிதான். ஒரு பிடி சாம்பாருக்குப் போகும், மீதி பிளாஸ்டிக் கவருக்குள் கருத்துக் குழைந்து கிடக்கும். பறித்த பிறகும் இலை சுவாசிக்கிறது, ஈரத்தை வெளியே விடுகிறது. காற்றில் கிடந்தால் வாடும். அந்த ஈரம் இலைமேலேயே நின்றால் அழுகும். வீடுகளில் வழக்கமாக இருக்கும் மூன்று முறைகளும் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி தேடுபவைதான்.

டம்ளர் முறை பார்க்க அழகு. வேர் மட்டும் நனையும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கட்டை நிறுத்தி, மேலே ஒரு கவரைத் தளர்வாகக் கவிழ்த்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்றினால் இலை விறைப்பாகவே நிற்கும். ஆனால் வேரோடு வாங்கிய கட்டுக்குத்தான் இது முழுதாகப் பலன் தரும். தண்ணீரில் ஓர் இலை மூழ்கினாலும் அங்கிருந்து அழுகல் ஏறும். பால், மாவுப் பாத்திரம், நேற்றைய குழம்பு எல்லாம் அடைந்திருக்கும் ஃப்ரிட்ஜில் ஒரு டம்ளரை நிமிர்த்தி வைக்க இடம் எங்கே? சமையல் மேடையிலேயே வைத்தால் சித்திரை வெயிலில் சீக்கிரமே மஞ்சளாகிவிடும்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கும் கரண்ட் போன நாளுக்கும் ஈரத்துணிதான் கைகொடுக்கும். பழைய வேட்டித் துணியை நனைத்து, சொட்டு இல்லாமல் பிழிந்து சுற்ற வேண்டும். துணியின் ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி உண்டாகிறது. காற்று உலர்ந்திருக்கும் உள்மாவட்டங்களில் இது நன்றாக வேலை செய்யும். சென்னை, தூத்துக்குடி மாதிரிப் புழுக்கமான ஊர்களில் அவ்வளவு குளிராது. எப்படியும் மறுநாள் சமையல் வரைக்கும்தான் தாங்கும்.

என் ஓட்டு டப்பாவுக்கு. கட்டைப் பிரித்து, வேரை நறுக்கி, மஞ்சள் இலையையும் நசுங்கியதையும் பொறுக்கிவிட வேண்டும். கழுவக் கூடாது, கழுவுவதெல்லாம் சமைக்கும்போதுதான். டப்பாவின் அடியில் உலர்ந்த பருத்தித் துணி, அதன்மேல் அமுக்காமல் கொத்தமல்லி, மேலே இன்னொரு துணி, பிறகு மூடி. நியூஸ்பேப்பர் வேண்டாம், அச்சு மை உணவில் ஒட்டும். துணி ஈரமானதும் மாற்றினால் ஒரு வாரத்துக்கு மேலேயே தாங்கும். நறுக்கிய வேரை மண் போகக் கழுவித் தட்டி ரசத்தில் போடலாம். இலையைவிட அதில்தான் வாசனை தூக்கலாக இருக்கும்.

டப்பாவின் பெரிய பலம், ஆய்ந்து வைத்திருப்பது. காலையில் பள்ளிக்கும் ஆபீசுக்கும் ஓடுகிற நேரத்தில் மண்ணோடு கிடக்கும் கட்டை யாரும் பிரிக்க மாட்டார்கள். ஆய்ந்தது கண்ணில் பட்டால் உப்புமாவில்கூட ஒரு பிடி விழும். அதனால் டப்பா உள்ளே தெரிவதாக இருக்கட்டும். நடுத்தட்டில், முன்பக்கம் வையுங்கள். கீழ் டிரேயில் ஈரப்பதம் சரியாக இருக்கும்தான், ஆனால் அங்கே போனது பலருக்கு மறந்தே போகும். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்குக் கீழே பின்பக்கமாகத் தள்ளினால் இலை உறைந்து, வெளியே எடுத்ததும் கருத்துத் துவண்டுவிடும்.

முருங்கைக்கீரைக்கு மட்டும் துணிதான் ஜெயிக்கும். உலர்ந்த துணியில் கொப்போடு இறுக்கிச் சுற்றி ஒரு ராத்திரி வைத்தால், காலையில் உதறினாலே இலை உதிர்ந்துவிடும். உருவும் வேலை மிச்சம். கறிவேப்பிலைக்கு டப்பாவே போதும், ஈரம் சுத்தமாக இல்லாமல் இருந்தால் சரி. அரைக்கீரை, சிறுகீரையை எதில் வைத்தாலும் ரொம்ப நாள் இழுக்காமல் சமைத்துவிடுவது நல்லது.

எதில் வைத்தாலும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழுத்த வாழைப்பழம், மாம்பழம், பப்பாளி, தக்காளி எல்லாம் எத்திலீன் வாயுவை விடும். அது பட்டால் கீரை சீக்கிரம் மஞ்சளாகும். செங்காய்த் தக்காளி கூடையிலேயே பழுக்கட்டும், குளிரில் அதன் வாசனை குறைந்துவிடும். நன்றாகப் பழுத்து, உடனே சமைக்கப் போவதில்லை என்றால் மட்டும் ஃப்ரிட்ஜ். உருளைக்கிழங்கும் வெளியேதான்: கடுங்குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது கருக்கும். வெளிச்சம் படாமல், வெங்காயத்தை விட்டுத் தள்ளி வையுங்கள்.

அடுத்த சந்தைக்குக் கிளம்பும் முன் டப்பாவில் மிச்சம் இருந்தால், உளுத்தம்பருப்பும் காய்ந்த மிளகாயும் வறுத்து, புளி வைத்துத் துவையலாக அரைத்துவிடுங்கள். தண்டையும் சேர்த்தே அரைக்கலாம்.