காய்கறிக்குப் பக்கப்பை: 40 லிட்டர் ஜோடி போதுமா?

மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் ஒரு வாரக் காய்கறியை வாங்கி சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் வளைவில் ஹேண்டில் இழுக்கும், பை ஸ்போக்கில் சிக்கும். பின் கேரியரில் மாட்டும் பக்கப்பைதான் சரி.

ஆர்ட்லீப் நிறுவனத்தின் பேக்-ரோலர் கிளாசிக் பக்கப்பை ஜோடி 40 லிட்டர், பக்கத்துக்கு 20. வாயைச் சுருட்டி மூடுவதால் ஐப்பசி மழையிலும் அரிசி நனையாது. ஆனால் காற்றே புகாது. சித்திரை வெயிலில் கொத்தமல்லியும் கீரையும் உள்ளேயே வெந்துவிடும். அவற்றைக் கேரியர் மேலே தனியாகக் கட்டுங்கள். பைக்குள் தேங்காய், வெங்காயம் அடியில், தக்காளி மேலே. முழுக்கத் திணித்தால் வாய் சுருளாது, அப்புறம் மழைக்காப்பு என்ற பேச்சே இல்லை.

கேரியரின் இருபுறமும் தொங்கும் ரெக்சின் இரட்டைப்பை விலை மலிவு. கிழிவது துணியல்ல, வார் சேரும் தையல்; அங்கே குறுக்குத்தையல் இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். முதுகில் விறைப்பான பலகை இல்லாவிட்டால் பை உள்வாங்கிச் சக்கரத்தில் உரசும்.

கொக்கிப் பை என்றால் முதலில் கேரியர் கம்பியின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். மாட்டியபின் பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். குதிகால் இடித்தால் பையைப் பின்னே நகர்த்த வேண்டும். கேரியரில் 25 கிலோ என்று பொறித்திருந்தால் பையின் எடையும் அதில் சேர்த்தி. ஒருபக்கம் மட்டும் 10 கிலோ ஏற்றிப் பக்க ஸ்டாண்டில் விட்டால் வண்டி சாய்ந்துவிடும்.