வீ ரிமோட்டில் விளையாடவில்லை, அளந்தேன்

நின்டெண்டோ வீ என்ற வீடியோ கேம் கன்சோலை எப்போதோ நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு ரிமோட் மட்டும் அலமாரியிலேயே தங்கிவிட்டது. இரண்டு ஏஏ பேட்டரி போட்டதும் நீல விளக்குகள் மினுக்கின. அன்றிலிருந்து இரண்டு மாதமாக அதுதான் என் அசைவுப் பதிவுக் கருவி.

2006-ல் வந்த பொருள். உள்ளே ஏடிஎக்ஸ்எல்330 என்ற மூன்று அச்சு ஆக்சிலரோமீட்டர், அதாவது முடுக்கத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது, இரு திசையிலும் 3 ஜி வரை (புவியீர்ப்பு முடுக்கத்தின் மூன்று மடங்கு) அளக்கும். வெளியே பேசுவது சாதாரண புளூடூத்தில், கீபோர்டும் மவுஸும் பேசுகிற அதே எச்ஐடி முறையில். 1, 2 பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் கணினியின் தேடலில் தெரியும். லினக்ஸில் 2011-ல் வந்த 3.1 கர்னல் (அதன் மைய நிரல்) முதலே இதற்கான டிரைவர் உண்டு. நான் அதை விட்டுவிட்டு, பைத்தானில் நேராக பைட்டுகளையே படித்தேன். உள்ளே என்ன வருகிறது என்று பார்க்கிற ஆசைதான், வேறொன்றுமில்லை.

ஆசைக்கு முதல் நாளே பலன் கிடைத்தது. ரிமோட்டை மேஜையில் வைத்துவிட்டு, யாரும் தொடாத நேரத்தில் ஏதோ பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பதாகப் பதிவில் வந்தது. பட்டன் பழுது என்று முடிவு கட்டி, திருகாணி கழற்றும் வரை போய்விட்டேன். கடைசியில் தப்பு என்னுடையது. ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு பைட்தான் தனி இடம். மீதி நுண்ணிய பிட்டுகளை இடம் மிச்சம் பிடிக்க பட்டன் பைட்டுகளின் காலி மூலைகளில் செருகியிருக்கிறார்கள். அவற்றை மறைக்காமல் படித்தால் பேய் பட்டன்கள் முளைக்கும். இதிலேயே இன்னொரு வேடிக்கை: எக்ஸுக்கு இரண்டு பிட் கூடுதலாகக் கிடைக்கிறது, ஒய்க்கும் இசட்டுக்கும் ஒன்றுதான். அதனால் 10 பிட்டாக விரித்தால் அந்த இரண்டும் எப்போதும் இரட்டை எண்களாகவே வரும்.

மேஜையில் மட்டமாகக் கிடக்கும்போது எக்ஸ், ஒய் 10 பிட்டின் நடு எண்ணான 512-ஐச் சுற்றி நிற்கும். இசட் மட்டும் நூறு போலத் தள்ளி நிற்கும். அந்த நூறுதான் 1 ஜி. சரியான அளவுத்திருத்த எண்கள் ரிமோட்டின் நினைவகத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன, படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஊசல். ஒரு மீட்டர் கயிற்றில் ரிமோட்டைத் தொங்கவிட்டு, 30 டிகிரி இழுத்து விட்டேன். ஆடுகிற திசையிலான அச்சில் அழகான அலை வரும் என்று காத்திருந்தால், கிட்டத்தட்ட நேர்கோடு! சென்சார் செத்துவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம்தான் பள்ளிப் பாடம் ஞாபகம் வந்தது. ஊசலை அந்தத் திசையில் தள்ளுவது புவியீர்ப்பு மட்டுமே. தானும் சேர்ந்து விழுகிற சென்சாருக்கு அது தெரியாது. கயிற்றின் திசையிலுள்ள அச்சைப் பார்த்தால் கதையே வேறு: கீழ்ப்புள்ளியைக் கடக்கையில் 1.27 ஜி அருகே, இரு ஓரங்களில் 0.87 அருகே. ஊசலின் காலம் இரண்டு நொடி, ஆனால் மேடு ஒவ்வொரு நொடிக்கும் ஒன்று. கணக்கும் பதிவும் இப்படி ஒத்துப்போனதைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்த ரிமோட் மேல் நம்பிக்கை வந்தது.

நம்பக்கூடாத இடமும் இருக்கிறது. முடுக்கத்தை இரண்டு முறை தொகையிட்டு 'எவ்வளவு தூரம் நகர்ந்தது' என்று கண்டுபிடிக்கலாம் எனப் பலர் இறங்குகிறார்கள். சென்சார் தரும் எண் ஒன்றே ஒன்று பிசகினால், அதாவது 0.01 ஜி, பத்து நொடியில் ஏறக்குறைய 5 மீட்டர் தள்ளிப்போய் நிற்பீர்கள். அந்த ஆசையை விட்டுவிடுங்கள். சாய்வு, ஆட்டம், அதிர்வு, எண்ணிக்கை: இதற்கெல்லாம் தாராளம். சுழற்சியும் வேண்டும் என்றால் 2009-ல் வந்த மோஷன் பிளஸ் இணைப்பில் கைரோ (சுழலும் வேகத்தை அளக்கும் சென்சார்) இருக்கிறது.

என் பெரிய குறை நேரக்குறி. ரிமோட் ஒவ்வொரு முறையும் அனுப்பும் தரவுத் துண்டான பாக்கெட்டில் வரிசை எண்ணும் கிடையாது, கடிகாரமும் கிடையாது. கணினிக்கு வந்து சேர்ந்த நேரத்தைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். நொடிக்கு நூறு வரை வரும். ஆனால் சில சமயம் 40 மில்லிநொடி மௌனம், பிறகு நாலைந்து ஒன்றாக வந்து விழும். ரிமோட்டுக்கும் கணினிக்கும் நடுவே நான் நின்றாலே இது கூடியது, உடம்பு அந்த அலையை விழுங்குகிறது. நின்டெண்டோவின் பிந்தைய ஸ்விட்ச் கன்சோலின் ரிமோட்டான ஜாய்-கானில் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு டைமர் பைட் உண்டு, 5 மில்லிநொடி இடைவெளியில் எடுத்த மூன்று மாதிரிகளும் கைரோவோடு சேர்ந்து வரும். துல்லியமான நேரம் வேண்டுபவர்கள் அங்கே போகலாம்.

நான் போகவில்லை. காரணம் ஏ பட்டன். அசைவும் பட்டன் நிலையும் ஒரே பாக்கெட்டில் வருவதால், 'இங்கே ஆரம்பித்தது' என்று கட்டைவிரலால் அழுத்தினால் அந்தக் குறி அதே வரியில் விழுகிறது. துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் டேப் போட்டு ஒட்டி, பிழியத் தொடங்கும்போது ஒரு அழுத்து, நிற்கும்போது ஒரு அழுத்து. நடுவில் உள்ளதை வெட்டி எடுத்து, அதில் எந்தெந்த அதிர்வெண் இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஃபூரியே கணக்கைப் போட்டேன். 20 ஹெர்ட்ஸில் கூரான முனை, அதாவது நிமிடத்துக்கு 1200 சுற்று. பேனலில் எழுதியிருப்பதும் அதுவே. நொடிக்கு நூறு மாதிரிதான் என்பதால், அதில் பாதியான 50 ஹெர்ட்ஸுக்கு மேல் அதிர்வதை மட்டும் இதில் தேடாதீர்கள், பொய்யான எண் வரும். ரிமோட்டை அதிர வைக்கும் ரம்பிள் மோட்டாரையும் அணைத்து வையுங்கள். ஒரு முறை மறந்துபோய், ரிமோட் தன்னையே அளந்துகொண்டிருந்ததை அரை மணி நேரம் ஆராய்ந்தேன்.