ஆர்க்கிட்டோடு மாவுப்பூச்சியும் வீட்டுக்கு வருகிறது: வாங்குவோர் கவனத்திற்கு

பூத்த ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்களைக் கூரியரில் அனுப்பும் இணைய நர்சரி ஒன்றில் நான் வாங்கிய செடிகளில் மாவுப்பூச்சி இருந்தது. அதைவிட, புகார் சொன்ன பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதமே என்னை இதை எழுத வைத்தது.

பெட்டியைப் பிரித்தபோது இலைகளின் மேற்பரப்பு துடைத்துவைத்தது போலப் பளபளத்தது. ஆனால் அடியிலை தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சைக் கிள்ளி ஒட்டியது போன்ற வெண்திட்டுகள் இருந்தன. பல்குத்தும் குச்சியால் நெருடியதும் அவை கலைந்து, உள்ளிருந்து வெளிர்மஞ்சள் குஞ்சுகள் ஊர்ந்து வெளியேறின. இலையின் அடிப்புறம் பிசுபிசுத்தது. மறுநாளே எறும்புகளும் வந்து சேர்ந்தன.

படம் அனுப்பியதும், "அது செடியோட இயற்கையான தேன் சார், நல்ல செடியிலதான் வரும்" என்று பதில் வந்தது. இது பாதி உண்மை என்பதால்தான் ஆபத்தானது. ஆர்க்கிட்டின் பூத்தண்டிலும் மொட்டுக்காம்பிலும் தெளிந்த இனிப்புத் துளிகள் இயல்பாகவே கசிவதுண்டு. ஆனால் வெண்பஞ்சுக்குப் பக்கத்தில், இலையின் அடியில் பிசுபிசுப்பு இருந்தால் அது பூச்சியின் கழிவு, அதன்மேல்தான் பிறகு கரும்பூசணம் படரும். விடாமல் கேட்டதும் அதையே பூஞ்சை என்று மாற்றிச் சொல்லி, பெயரோ பதிவு எண்ணோ இல்லாத ஒரு பொட்டலப் பொடியைத் தனி விலைக்கு விற்றார்கள். பூஞ்சைக்கொல்லியால் மாவுப்பூச்சி சாகாது என்பது ஒருபுறமிருக்க, பூஞ்சைக்கொல்லிகளும் அடங்கும் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டப்படி பதிவு எண்ணும் விவரச்சீட்டும் இல்லாமல் அவற்றை விற்பதே குற்றம். அந்தப் பொடியை நம்பிக் காத்திருந்த நாட்களில் பூச்சி பக்கத்திலிருந்த டென்ட்ரோபியம் என்ற இன்னொரு வகை ஆர்க்கிட்டுக்கும் தாவிவிட்டது.

பிறகு பலன் தந்தது, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காது குடையும் பஞ்சுக்குச்சிதான். பூச்சியின் உடலை மூடியிருக்கும் மெழுகில் வெறும் தண்ணீர் மருந்து ஒட்டாது. ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். முட்டைகள் தப்பிப் பொரிந்துகொண்டே இருப்பதால், வாரம் ஒருமுறை என்று சில வாரங்கள் தொடர்ந்து துடைக்க வேண்டும். வேரைச் சுற்றி அடைத்திருந்த பாசியைப் பிரித்தால் அதற்குள்ளும் பூச்சி. அதை முழுவதும் எறிந்து, வேர்களைக் கழுவிப் புதிய மரப்பட்டைத் துண்டுகளில் மாற்றி நட்டேன். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பவர்கள் வெயில் நேரத்தைத் தவிர்ப்பதோடு, குருத்தில் நீர் தேங்காமல் ஒற்றி எடுக்கவும் வேண்டும். தேங்கினால் குருத்து அழுகிவிடும். இந்தப் பூச்சி இனத்தை அலட்சியமாக நினைப்பவர்கள், 2008இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை அடக்க 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைக்க வேண்டியிருந்ததை நினைத்துப் பார்க்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டார்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தெளிவாகச் சொல்வதால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன்.

வாங்கவிருப்பவர்கள், பூவின் படத்தோடு அடியிலை இடுக்கின் படத்தையும் தொட்டியிலிருந்து உருவிய வேரின் படத்தையும் பணம் கட்டுமுன் கேளுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதீர்கள். எங்கே வாங்கினாலும், புதுச்செடியைச் சில வாரங்களுக்கு மற்றச் செடிகளிடமிருந்து விலக்கியே வையுங்கள்.