எஸ்இஓ வேலை: ஏஜென்சியா, ஃப்ரீலான்ஸரா, நம் ஆளா?

கோவையில் வெட் கிரைண்டர் தயாரித்து, சொந்த வெப்சைட்டிலும் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கூகுள் தேடலில் முன்னால் வர வேண்டும் என்றால், அதாவது எஸ்இஓ வேலைக்கு, அவர்களுக்கு மூன்று வழிகள். மாதக் கட்டணத்துக்கு ஒரு ஏஜென்சி, தனியாக வேலை செய்யும் ஃப்ரீலான்ஸர், இல்லையென்றால் ஆபீசிலேயே ஒருவர். பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் ஏஜென்சிக்குப் போய்விடுகிறார்கள். எந்த வேலைக்குப் போகிறோம் என்று பிரித்துப் பார்த்தால் பாதிச் செலவு மிஞ்சும் என்பது என் கருத்து.

டெக்னிக்கல் கோளாறுகளைக் கண்டுபிடிப்பதில் நல்ல ஏஜென்சியை மிஞ்ச முடியாது. வெப்சைட்டைப் புதுப்பிக்கும்போது, வேலை முடியும்வரை கூகுள் உள்ளே வர வேண்டாம் என்று சைட்டை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸின் ரீடிங் செட்டிங்ஸில் ஒரு டிக் போட்டு வைப்பார்கள். சைட் வெளியான பிறகு அதை எடுக்க மறந்துவிட்டால் பக்கங்கள் ஒவ்வொன்றாகத் தேடலிலிருந்து காணாமல் போகும். ஆனால் சைட் ஒழுங்காகத் திறக்கும், ஆர்டரும் போடலாம், முதலாளிக்கு எதுவுமே தெரியாது. பழைய பக்க முகவரிக்கு வருபவர்களைப் புதியதற்குத் தானாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட்டைச் செய்யாமல் விட்டாலும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான். பழகிய கண்ணுக்கு இதெல்லாம் உட்கார்ந்த உடனேயே தட்டுப்படும்.

சிக்கல் மாதக் கட்டணத்தில் தொடங்குகிறது. மாதாமாதம் எதையாவது காட்டியாக வேண்டுமே! ரிப்போர்ட்டில் பல கீவேர்டுகள் (தேடும் சொற்கள்) கூகுளின் முதல் பக்கத்தில் வந்துவிட்டதாக இருக்கும். உற்றுப் பார்த்தால் பாதி உங்கள் கம்பெனிப் பெயர், மீதி யாருமே தேடாத நீளமான சொற்றொடர்கள். எந்தத் தேடலிலிருந்து எத்தனை கிளிக் வந்தது என்று கூகுளே காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்து, கம்பெனிப் பெயர் உள்ள தேடல்களை ஃபில்டரில் நீக்கிவிட்டு மிச்சமுள்ள கிளிக்கைப் பாருங்கள். அதுதான் அவர்கள் கொண்டுவந்தது.

இதைவிடப் பெரிய ஆபத்து, காசு கொடுத்து வாங்கும் பேக்லிங்க், அதாவது கூகுளில் மேலே வருவதற்காக மற்ற தளங்களில் நம் சைட்டுக்குப் போடவைக்கும் லிங்க். அமெரிக்காவின் ஜேசி பென்னி கடைக்கு நடந்தது இதுதான். சம்பந்தமே இல்லாத தளங்களில் அவர்களுக்காக லிங்க் போடப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. கூகுள் நடவடிக்கை எடுத்ததும், சாம்சோனைட் பெட்டிகளுக்கான ஒரு தேடலில் முதலிடத்தில் இருந்த கடை இரண்டே மணி நேரத்தில் 71-வது இடத்துக்குப் போனது. அந்த லிங்குகள் தங்கள் அனுமதியுடன் போடப்பட்டவை அல்ல என்றது நிறுவனம். எஸ்இஓ பார்த்த வெளி நிறுவனத்தையும் நீக்கியது. ஆனாலும் அடி விழுந்தது கடைக்குத்தான். அவ்வளவு பெரிய கடைக்கே அந்தக் கதி என்றால் நம் கிரைண்டர்காரர் எந்த மூலைக்கு?

ஃப்ரீலான்ஸர் செலவு குறைவு, பேசுகிற ஆளும் வேலை செய்கிற ஆளும் ஒருவரே. ஆனால் டெக்னிக்கல் வேலையும் பக்கங்களை எழுதும் திறமையும் ஒரே ஆளிடம் சேர்ந்து அமைவது அபூர்வம். அவருக்குப் பெரிய கிளையன்ட் கிடைத்துவிட்டால் நம் வேலை தள்ளிப்போகும்.

உள்ளே இருக்கும் ஆளுக்கு எஸ்இஓ தெரியாமல் இருக்கலாம், ஆனால் கிரைண்டர் தெரியும். டேபிள் டாப் வாங்குவதா டில்டிங் வாங்குவதா, கல் தேய்ந்தால் மாற்றித் தருவீர்களா, வீட்டு மோட்டாரில் தினமும் கடைக்கு மாவு அரைக்கலாமா என்று சர்வீஸ் போனில் கேட்பவர்களின் கேள்விகள்தான் கூகுளிலும் தேடப்படுகின்றன. அதற்கு விவரமாகப் பதில் எழுத, பத்து கிளையன்ட்டுகளைப் பார்க்கும் ஏஜென்சியின் ரைட்டரால் முடியாது. அவர் ஏஐயிடம் கேட்டுப் பக்கம் பக்கமாகப் போட்டுவிடுவார். தேடலில் மேலே வருவதற்காக மட்டும் பயனில்லாத பக்கங்களை மொத்தமாகக் குவிப்பதை, எழுதியது மனிதரா இயந்திரமா என்று பார்க்காமல், 2024 மார்ச் முதல் கூகுள் ஸ்பேம் விதிக்குள் கொண்டுவந்துவிட்டது.

ஆகவே என் தேர்வு இது. டெக்னிக்கல் கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் ஆடிட்டை மட்டும் ஒரு முறைக் கட்டணத்துக்கு ஏஜென்சியிடம் கொடுங்கள். எழுத்தைச் சர்வீஸ் டெஸ்க்கில் இருப்பவரை வைத்து நீங்களே பாருங்கள். போட்டி கடுமையான பொருள், ஆயிரக்கணக்கான பக்கங்கள் என்றால் மட்டும் மாத ஒப்பந்தம். அதிலும் முதலிடத்துக்கு உத்தரவாதம் தருகிறேன் என்பவரைச் சேர்க்க வேண்டாம். அப்படி யாராலும் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம் என்பதும் அவர்கள் சொல்வதுதான்.

ஆடிட் செய்பவருக்குச் சர்ச் கன்சோலிலும், சைட்டுக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸிலும் பார்வையிடும் அனுமதி மட்டும் போதும். டொமைன் (சைட்டின் முகவரி) உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அது இருந்தால் சர்ச் கன்சோலை எப்போது வேண்டுமானாலும் மீட்டுவிடலாம். அனலிட்டிக்ஸ் அப்படியல்ல. ஏஜென்சியின் கணக்கில் தொடங்கப்பட்டிருந்தால், பிரியும்போது பழைய தரவு அவர்கள் மனது வைத்தால்தான் கிடைக்கும். அதனால் கணக்கை உங்கள் மெயிலில் நீங்களே தொடங்கிவிட்டு, அப்புறம் அவர்களை உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள்.